மூன்றாவது பெடல்: ஆட்டோமேட்டிக் மஸ்டாங்கை மேனுவலுக்கு மாற்றுவது

1960களின் அமெரிக்க வி8 கார் என்றதும், கியர் லீவரைப் பிடித்து இழுத்து இழுத்துப் போட்டுப் பறப்பவர்தான் கண்ணில் வருவார். ஆனால் அந்தக் கார்களில் பெரும்பங்கு ஆட்டோமேட்டிக்காகத்தான் விற்றது. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கும் கடைக்கும் போய்வந்த சாதாரணக் குடும்பத்தார். அவர்களுக்குக் கிளட்ச் மிதிப்பது தேவையில்லாத வேலை. அதனால் இன்று அமெரிக்காவில் ஒருவர் கைக்கு எட்டும் விலையில் பழைய ஃபோர்டு மஸ்டாங் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். நான்கு கியர் மேனுவலோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கார் கிடைத்தாலும் விலை கூடுதல்.

அங்கேதான் 'நாமே மாற்றிக்கொண்டால் என்ன?' என்ற யோசனை வருகிறது. மாற்றலாம், நிறையப் பேர் மாற்றியிருக்கிறார்கள். 'கியர்பாக்ஸ் மாற்றுவது' என்று எல்லோரும் சொன்னாலும், இதில் கியர்பாக்ஸ்தான் சுலபமான பகுதி. நேரமும் பொறுமையும் போவது கிளட்ச்சில்: இடது காலுக்கும் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கிற அத்தனையும் அந்தக் காரில் இல்லவே இல்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவர வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு காரை வைத்துக்கொள்வோம்: 1965 அல்லது 1966 மஸ்டாங், 289 கன அங்குல வி8, சி4 என்ற ஃபோர்டின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 289 கன அங்குலம் என்றால் சுமார் 4.7 லிட்டர். 'மஸ்டாங் மசில் காரே (பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்) இல்லை, அது போனி கார் (அளவில் சிறிய ஸ்டைல் கார்)' என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். மாற்ற எளிதான கார், உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும் கார், கற்றுக்கொள்ள நல்ல கார். கார் பிறவியில் ஆட்டோமேட்டிக்கா என்று பார்க்க ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் போதும். அங்கே அடித்திருக்கும் தகட்டில் டிரான்ஸ்மிஷன் குறியீடு 6 என்றால் சி4. 5 என்றால் நான்கு கியர் மேனுவல்.

முதலில் ஆட்டோமேட்டிக்கில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இன்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், சக்கரமோ சிக்னலில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கிற ஏதோ ஒன்று தேவை. சி4-இல் அது டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் நிரம்பிய ஒரு உருண்டை. மோர் கடையும்போது மத்தோடு சேர்ந்து மோரும் சுற்றும். அதே மோருக்குள் இன்னொரு மத்தை வைத்தால் அதுவும் மெல்லச் சுற்றத் தொடங்கும். முதல் மத்து இன்ஜினோடு, இரண்டாவது மத்து கியர்பாக்ஸோடு. நடுவில் இரும்புக்கும் இரும்புக்கும் தொடர்பே இல்லை. பிரேக்கை அழுத்தினால் இரண்டாவது நின்றுவிடும், முதலாவது சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் அணையாது. எண்ணெயைத் திருப்பிவிட நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு விசிறி இருப்பதால், கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகவும் கூடும். ஆட்டோமேட்டிக்கை ரொம்பவும் மட்டம் தட்டிப் பேச வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கிளம்புவதில் அது சோடையில்லை.

எந்த நேரத்தில் எந்த கியர் என்பதை சி4 தானே முடிவு செய்கிறது. இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கார் போகும் வேகத்துக்கேற்ற எண்ணெய் அழுத்தம் ஒரு பக்கம், இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் காட்டும் வேக்குவம் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசை) மறு பக்கம். இன்ஜினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கியர்பாக்ஸின் பின்பக்கம் வரை போகும். அந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேனுவலில் இதெல்லாம் இல்லை. அதை நமக்கு விளக்கவும் வேண்டியதில்லை. ஹாஃப் கிளட்ச்சில் மேட்டில் வண்டியை நிறுத்தப் பழகியவர்கள்தானே நாம். ஆனால் காலுக்குத் தெரிந்த கிளட்ச்சைக் கண் பார்த்திருக்காது. கிராங்க் ஷாஃப்டின் வாலில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புத் தட்டு. அதன்மேல் கிளட்ச் பிளேட். அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ஒரு கவை ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பிடி விடும். கிளட்ச் பிளேட்டின் நடுவே கியர்பாக்ஸின் முன் தண்டு நுழைந்து போகும். அதன் மூக்கு கிராங்க்கின் வாலில் உள்ள குழியில், பைலட் பேரிங் என்ற சிறு வளையத்துக்குள் உட்காரும். ஆட்டோமேட்டிக் காரில் அந்தக் குழி காலியாக இருக்கும். ஃப்ளைவீலுக்குப் பதிலாக ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடு மட்டும்தான்.

அடுத்த கேள்வி, எந்த கியர்பாக்ஸ்? அந்தக் காலத்து ஃபோர்டின் சொந்த நான்கு கியர் பெட்டிக்கு டாப்லோடர் என்று பெயர். இரும்புக் கூடு, முரட்டு உழைப்பு. கார் அந்தக் காலத்து முறையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆனால் அதன் நான்காவது கியர் 1.00, அதற்குமேல் ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றும் கியர்) கிடையாது. நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்திக்கொண்டே வரும்.

போர்க்-வார்னர் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த டி-5 ஐந்து கியர் பெட்டி, 1983இலிருந்து மஸ்டாங்கிலேயே வந்தது. 1985க்குப் பிறகு வந்த 'வேர்ல்ட் கிளாஸ்' வகையில் முதல் கியர் 3.35, நான்காவது 1.00, ஐந்தாவது 0.68. எடை சுமார் 34 கிலோதான், அலுமினியக் கூடு. பழைய மஸ்டாங்கின் நடுவில் ஓடும் டனலை வெட்டாமலேயே உள்ளே போகும். கியர் லீவரும் ஏறத்தாழச் சரியான இடத்தில் வெளியே வரும். அது தாங்கும் முறுக்குவிசை, ஆண்டைப் பொறுத்து 265 அல்லது 300 பவுண்டு-அடி. 289 இன்ஜினின் சாதாரண வகைக்கு 282 என்றும் நான்கு பேரல் கார்புரேட்டர் வகைக்கு 305 என்றும் அன்று விளம்பரம் செய்தார்கள். அவை இன்ஜினை மட்டும் தனியாக மேடையில் ஏற்றி அளந்த எண்கள். காருக்குள் உண்மையில் கிடைப்பது குறைவு. ஆக, ஊருக்குள் ஓட்டவும் நீண்ட பயணத்துக்கும் டி-5 போதும். ரேஸ் டயர் மாட்டி சிக்னலில் துள்ளிக் கிளம்புகிறவர் என்றால் அது பல்லைக் கொட்டிவிடும். அவருக்கு ட்ரெமெக் நிறுவனத்தின் டிகேஎக்ஸ் போன்ற பலமான புதிய பெட்டிகள் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப.

பழைய டி-5 வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெயர் ஒன்றே, வகை பல. செவர்லே காமரோவில் வந்த டி-5 பக்கவாட்டில் சாய்ந்து உட்காரும்படி செய்தது, மஸ்டாங்கில் கோணலாக நிற்கும். எஸ்-10 பிக்அப்பில் வந்ததற்கு லீவர் இருக்கும் இடமே வேறு. பெட்டியின் வால்பக்க போல்ட்டில் தொங்கும் சிறு உலோகத் துண்டில் 1352 என்று தொடங்கும் எண் இருக்கும். அதை வைத்து எந்தக் காருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். துண்டு இல்லையென்றால் பல்லை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸை மட்டும் பார்த்தால் போதாது, பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான கிரவுனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் மஸ்டாங்குகளில் 2.80 அல்லது 3.00 விகிதம் சாதாரணம். சி4-இன் முதல் கியர் 2.46, அதை 3.00ஆல் பெருக்கினால் 7.38. டி-5இல் 3.35 பெருக்கல் 3.00, அதாவது 10.05. கிளம்பும்போது நல்ல இழுப்பு. ஐந்தாவதில் 0.68 பெருக்கல் 3.00 என்றால் 2.04. டயரின் விட்டம் 25 அங்குலம் என்று வைத்தால், மணிக்கு 100 கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்றுதான் சுற்றும். பழைய வி8-க்கு இது கொஞ்சம் மந்தம். சிறு மேடு வந்தாலே முக்கும், நான்காவதுக்கு இறங்க வேண்டிவரும். கிரவுனை 3.55 ஆக்கினால் அதே வேகத்தில் 2,000 சுற்று, இன்ஜின் நிம்மதியாக இருக்கும். ஓவர்டிரைவ் இல்லாமல் 3.55 போட்டால் அது 3,000-ஐத் தொடும். டி-5 போட்டவர்கள் பலர் அதோடு கிரவுனையும் மாற்றுவது இதற்காகத்தான். உடனே செய்ய வேண்டியதில்லை. முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சரி, காருக்கு அடியில் போவோம். எண்ணெயை வடித்து, பின்னால் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு குளிர்விப்புக் குழாய்களை எடுத்து, கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிடித்திருக்கும் நான்கு நட்டுகளை இன்ஜினைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றினால் சி4 இறங்கிவிடும். கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் நிறைய நிற்கும், தரை நனையாமல் இருக்காது.

இப்போது ஃப்ளைவீல். பலர் கோட்டை விடும் இடம் இது. ஃபோர்டின் இந்தச் சிறிய வி8 வகைக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் தன்னளவில் சமநிலையில் இருக்காது. முன்னால் உள்ள டாம்பர் என்ற அதிர்வு தணிக்கும் சக்கரத்திலும் பின்னால் உள்ள ஃப்ளைவீலிலும் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை கூட்டி அதைச் சரிக்கட்டியிருப்பார்கள். 289-க்கும் 1981 வரையிலான 302 கன அங்குல இன்ஜினுக்கும் அந்த எடை 28 அவுன்ஸ்-அங்குலம். அதற்குப் பிறகு 5.0 (லிட்டர்) என்ற பெயரில் வந்த அதே 302-க்கு 50. இதில் சிக்கல் என்னவென்றால், டி-5 வாங்கப் போகிற இடம் 1980களின் 5.0 மஸ்டாங். கழற்றி விற்பவர் 'ஃப்ளைவீலும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார். போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தும், மாட்டும்போது எந்தத் தடங்கலும் இராது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தபிறகுதான் கார் முழுக்க உதறல் எடுக்கும். அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். 28 என்று உறுதி செய்த ஃப்ளைவீல் மட்டுமே வேண்டும்.

பைலட் பேரிங்கைக் கிராங்க்கின் குழியில் நேராகத் தட்டி இறக்க வேண்டும். ஃபோர்டில் ஆட்டோமேட்டிக்குக்கும் மேனுவலுக்கும் ஒரே கிராங்க் என்பதால் குழி தயாராகவே இருக்கும். கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோமேட்டிக் கார்கள் சிலவற்றில் அந்தக் குழியைச் சரியான அளவுக்குக் குடையாமலே விட்டிருப்பார்கள். அதற்கென்று தனி பேரிங் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது பெல் ஹவுசிங், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு. 1964 ஆகஸ்ட் வாக்கில் ஃபோர்டு இதன் போல்ட்டுகளை ஐந்திலிருந்து ஆறாக மாற்றியது. மிக ஆரம்பகால மஸ்டாங் என்றால் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. பெல் ஹவுசிங்கின் நடுத்துளை கிராங்க்கின் மையத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளைவீலில் ஒரு டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) பொருத்தி, அதன் முனை நடுத்துளையின் விளிம்பைத் தொடும்படி வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். முள் மொத்தம் 0.005 அங்குலத்துக்குள் ஆடினால் சரி; மனித முடியின் பருமன் மாதிரி ஓர் அளவு. கூடுதலாக ஆடினால், மையம் விலகிய ஊசிகள் மூன்று அளவுகளில் கிடைக்கின்றன. பெல் ஹவுசிங்கை இடம் மாறாமல் பிடிக்க இன்ஜினின் பின்பக்கத்தில் இருக்கும் பழைய ஊசிகளை எடுத்துவிட்டு இவற்றைப் போட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம். முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை மறந்துவிட்டு இரு மடங்கு ஊசி வாங்கி வருவது சகஜம். இந்த அளவையே எடுக்காமல் விடுவது அதைவிடச் சகஜம். 'கியர் இறுக்கமாக விழுகிறது', 'கியர் தானாகத் தெறிக்கிறது' என்ற புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. பழி கியர்பாக்ஸ்மேல் விழும்.

இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு உண்டு. உதவாக்கரைத் தகடு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்ஃப் மோட்டார் எவ்வளவு உள்ளே போய் ஃப்ளைவீல் பல்லைக் கடிக்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. செல்ஃப் மோட்டாரையும் மேனுவலுக்கானதாகவே வாங்கிவிடுவது நல்லது.

இனி காருக்குள். டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடல் வெளியேற வேண்டும், குறுகலான பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் உள்ளே வர வேண்டும். 1965-66 மஸ்டாங்கில் கிளட்ச் பெடலின் தண்டுதான் பிரேக் பெடலுக்கும் அச்சு. இரண்டையும் தாங்கும் சட்டத்தை எடுக்க ஸ்டியரிங் தண்டையும் தளர்த்தி இறக்க வேண்டிவரும். பழைய காரிலிருந்து கழற்றிய சட்டம் என்றால் அதன் புஷ் தேய்ந்து பெடல் பக்கவாட்டில் ஆடும். ரோலர் பேரிங் வைத்த மாற்று கிடைக்கிறது, என்னைக் கேட்டால் அதற்குக் கஞ்சம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கியருக்கும் மிதிக்கப் போகிற பெடல்.

பெடலில் மிதித்ததைக் கவை வரை கொண்டுபோக மூன்று வழிகள். தொழிற்சாலை முறையில் இன்ஜினுக்கும் கார் சட்டத்துக்கும் நடுவே இசட் வடிவத்தில் ஒரு கம்பி சுழலும். இசட் பார் என்பார்கள். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அப்படியே இருக்கிற காரில் இது ஒழுங்காக வேலை செய்யும். பழுதும் எளிதில் கண்ணுக்குத் தெரியும். மேனிஃபோல்டுக்குப் பதில் ஹெட்டர் என்ற தனித்தனிப் புகைக்குழாய்கள் போட்ட காரில் அவை இந்தக் கம்பியின் வழியை மறிக்கும். அப்போது கேபிள் அல்லது ஹைட்ராலிக். ஹைட்ராலிக்கில் பெடல் மென்மை. ஆனால் மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கும் முன்சுவர்த் தகடு மெல்லியது, பலகை வைத்துப் பலப்படுத்தாவிட்டால் மிதிக்கும்போது தகடே வளையும், கிளட்ச் முழுதாக விடாது. இசட் பார் முறையில் பெடலின் மேற்பகுதியில் சுமார் ஓர் அங்குலம் சும்மா இறங்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றிச் சீக்கிரமே தேயும்.

பெரிய வேலை முடிந்தது. மிச்சம் சின்னச் சின்ன விஷயங்கள்.

அந்த ரப்பர் குழாய் நினைவிருக்கிறதா? சி4 போனதும் அதன் வாய் திறந்து கிடக்கும். அடைக்காவிட்டால் இன்ஜின் அதன் வழியாகக் காற்றை இழுத்து ஐடிலில் தடுமாறும். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி ஒரு நாள் போய்விடும். ஒரு ரப்பர் மூடி போதும்.

சி4-இல் ஒரு மின் ஸ்விட்ச் இருக்கும். பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் செல்ஃப் அடிக்கும். ரிவர்ஸ் விளக்கும் அதே ஸ்விட்ச்சில்தான். பெட்டி போனதும் ஒயர்கள் அறுந்து நிற்கும், கார் ஸ்டார்ட் ஆகாது. பலர் செல்ஃப் ஒயர் இரண்டையும் முறுக்கி இணைத்துவிட்டு 'முடிந்தது' என்கிறார்கள். கியரில் நிற்கும் காரின் சாவியை யாராவது திருகினால் அது முன்னால் பாயும். கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து அதன் வழியாகக் கொண்டுபோங்கள். ரிவர்ஸ் விளக்குக்கான ஸ்விட்ச் டி-5இலேயே இருக்கிறது.

'பார்க்' போய்விட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வைத்திருந்தவர்கள் கை பிரேக்கைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். டாஷுக்கு அடியில் இழுக்கும் அந்தப் பிடியின் கேபிள் துருப்பிடித்துக் கிடந்தால், சரிவில் காரை நிறுத்துவது ஆபத்து. கிளட்ச் வேலையோடு கை பிரேக்கையும் முடித்துவிட வேண்டும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முன்முனை சி4-க்கும் டி-5க்கும் ஒரே 28 பல். அதனால் அந்தத் துண்டு பயன்படும். நீளத்தை மட்டும் அளக்காமல் நம்ப வேண்டாம். பெட்டிக்குள் முழுக்க நுழைத்து, முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை வெளியே இழுத்து நிற்கும் நிலையில் அளவு சரியாக வர வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் டி-5க்கானதாக இருக்க வேண்டும், உயரம் தவறினால் வேகத்தில் அதிரும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் கியரைக் கிரவுன் விகிதத்துக்கேற்ப மாற்றுங்கள்.

எண்ணெய் ஊற்றும்போது ஒரு வேடிக்கை. ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வைத்த வேர்ல்ட் கிளாஸ் டி-5-க்கு ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான். கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் உள் வளையங்கள் ஒழுங்காக வேலை செய்யாது. புதுக் கிளட்ச்சை முதல் 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பழக்குங்கள். டயரைப் புகைக்கும் ஆசையை அதுவரை ஒத்திப்போடலாம். அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் கியர் போடுவது வலக்கை. நம் ஊரில் பழகியவருக்குக் கியரைத் தேடிக் கதவில் போய் இடிக்கும் இடக்கைதான் முதல் சில நாள் தொல்லை தரும்.

இதே வேலையை டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் போன்ற கிரைஸ்லர் கார்களில் செய்யப் போனால் கதை வேறு. நான்கு கியர் பெட்டிக்காகத் தரையில் தனியாக ஒரு மேட்டை அவர்கள் தொழிற்சாலையிலேயே வைத்திருந்தார்கள். ஆட்டோமேட்டிக் காரில் அது கிடையாது. தரையை வெட்டி அந்த மேட்டை வெல்டிங் செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மஸ்டாங்கைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்தக் காரை மாற்றக் கூடாது என்பதும் உண்டு. இன்ஜின் குறியீட்டில் கே என்று இருக்கும் 271 குதிரைத்திறன் 289, 1965இல் மேனுவலோடு மட்டுமே வந்தது; 1966இல்தான் அதற்கு சி4 கிடைத்தது. அப்படி ஒன்று கையில் இருந்தால் அதன் மதிப்பே அந்த ஆட்டோமேட்டிக்கில்தான். 1966இல் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்துக்காக ஷெல்பி நிறுவனம் மஸ்டாங்கை வைத்துச் செய்துகொடுத்த சுமார் 1,000 ஜிடி350ஹெச் கார்களில் பெரும்பாலானவையும் ஆட்டோமேட்டிக்தான். அவற்றிலும் கை வைக்காதீர்கள்.

சாதாரண 289 என்றால் தாராளமாகச் செய்யலாம். இறக்கிய சி4-ஐ மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கன்வெர்ட்டர், ஃப்ளெக்ஸ் பிளேட், அகலப் பெடல், லீவர், குளிர்விப்புக் குழாய் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டி, எண்ணெய்த் துளைகளைத் துணியால் அடைத்து, மேலே காரின் எண்ணை எழுதி வையுங்கள். காரை அடுத்து வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.